ஜீரோ சாரின் லைன்

எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ உருகி உருகி எழுதுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பதினான்கு வருடம் ஒரே மாடியில், ஒரே பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்திருந்தோம். நான் தலைமை அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர். தபால் பையும் என் பொறுப்புதான். அவர் லைன்களைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜீரோ சார் என்றால் வாசல் காவலாளி கூட மாடியைக் காட்டுவார்.

அந்தப் பட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்களுக்கும் கிளை அலுவலகத்துக்கும் நடுவே ஒரு லீஸ்டு லைன் உண்டு. ரயிலில் ஐந்து மணி நேரத் தூரம். வேறு யாரும் குறுக்கே வராமல் எங்கள் இரண்டு ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக வாடகைக்கு எடுத்த தனி வழி அது. அதன் ஒவ்வொரு முனையிலும் கம்ப்யூட்டரை லைனோடு இணைக்கும் ஒரு மோடம் இருக்கும், மோடத்தில் 'லூப்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கிளையில் இருப்பவர் அதை அமுக்கினால், இங்கிருந்து அனுப்புவது அங்கே போய்த் தொட்டுவிட்டு அப்படியே திரும்பி வரும். போனதும் வந்ததும் ஒன்றுதானா என்று ஒரு சின்னச் சோதனைப் பெட்டி எண்ணிப் பார்க்கும். பிசகு இல்லையென்றால் பூஜ்யம் காட்டும். அவ்வளவுதான், கட்டடமே அதிரும்படி இவர் "எரர் ஜீரோ!" என்று கத்துவார். தினம் காலை ஒன்பதரைக்கு. என் காதில் ஹெட்ஃபோன் இருக்கிறதே, அதையும் தாண்டி உள்ளே இறங்கும்.

கத்தல் போதாதென்று, லேபிள் பைத்தியம் வேறு. அந்த அறையில் எந்த ஒயரும் பெயரில்லாமல் இருக்க முடியாது. மோடத்துக்கு லேபிள், ஸ்விட்சுக்கு லேபிள், அவர் சாப்பாட்டு டப்பாவுக்கும் லேபிள். அதை வேறு யார் எடுத்துச் சாப்பிடப் போகிறார்கள்? தயிர்சாதம் கூட அவர் சமைத்தால் வாயில் வைக்க முடியாது, ஒரு முறை ருசி பார்த்தவள் சொல்கிறேன்.

மதியம் ஒரு மணி ஆனால் தடுப்பைத் தட்டுவார்.

"வீட்டுக்குப் போடும்மா."

போடுவேன். மணி அடிக்கும். பத்து முறை அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள், வைத்துவிடுவார். மனைவி இருந்த காலத்தில் இரண்டாவது மணியிலேயே அந்த அம்மா எடுத்துவிடுவார். அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் எங்கோ கண்காணாத தூரத்தில். பூட்டிய வீட்டுக்கு எதற்கு ஃபோன்? ஒரு நாள் வாய் சும்மா இராமல் கேட்டே விட்டேன்.

"லைன் உயிரோட இருக்கான்னு பாக்கறேன்மா" என்றார்.

இதை நான் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை வந்தபோது அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. இரண்டு வருட நீட்டிப்புக் கேட்டு மனு கொடுத்திருந்தார். மனுவை என்னிடம்தான் டைப் அடிக்கக் கொடுத்தார். 'இருபத்தாறு வருடப் பணியில் என் பக்கத்துத் தவறாக ஒரு பழுதும் பதிவேட்டில் இல்லை' என்று ஒரு வரி. அதை இரண்டு முறை அடிக்கோடிடச் சொன்னார். டைப் அடித்து முடித்ததும், "வீட்ல உக்காந்து என்னம்மா பண்றது? சுவரைப் பாத்துப் பேசணும்" என்றார்.

திங்கள் காலை பத்து மணிக்கு லைன் அறுந்தது. பத்து நிமிடத்தில் மோடத்து விளக்கெல்லாம் பச்சையாகிவிட்டது. ஆனால் கிளைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அங்கே லைனைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு பெண். ஒப்பந்த வேலை. அந்த மாதக் கடைசியில்தான் நிரந்தரமாவதாக இருந்தது. அப்பா இல்லை, படுக்கையில் கிடக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவள். நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை வைத்துச் சொன்னால், பயந்த சுபாவம், ஆனால் மக்கு இல்லை.

"சார், இங்க ஒண்ணுமே வரல சார்."

"லூப் போட்டியாம்மா?"

"போட்டுட்டேன் சார்."

"இங்க எரர் ஜீரோ. லைன் தங்கம் மாதிரி இருக்கு. உன் பக்கத்து மெஷினைப் பாரு."

செவ்வாயும் இதே பாட்டு. புதனும் இதே பாட்டு. கிளையில் மூன்று நாள் வேலை குவிந்து கிடந்தது. அவள் ஒயரை மாற்றிப் பார்த்தாள், மோடத்தை மாற்றிப் பார்த்தாள், இரவல் வாங்கிய கம்ப்யூட்டரைக் கூட மாட்டிப் பார்த்தாள். "சார், ஒருவேளை உங்க பக்கம்..." என்று இழுத்தாள். அவ்வளவுதான், இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இருபத்தாறு வருஷமா இந்த லைனோட குடும்பம் நடத்தறேன். நீ எனக்குப் பாடம் எடுக்காத!"

வியாழன் காலை மேலாளர் எழுத்தில் அறிக்கை கேட்டார். இவர் எழுதிக் கொடுத்தார்: 'லைன் பழுதற்றது. எதிர்முனையில் இருப்பவரின் திறமைக்குறைவே காரணம்.' பன்னிரண்டு மணிக்கு அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் என் மேஜைக்கு வந்துவிட்டது. நாலு மணித் தபால் பையில் போக வேண்டும். அந்த உறையைப் பையில் போட எனக்கு மனசில்லை. ஆனாலும் போட்டேன். சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன செய்வேன்?

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அவர் என் குரலைக் கேட்டாலே வச்சிடறார். நீங்கதான் சொல்லணும். காலையில லூப் போட்டுட்டேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்க்கா. போடவே இல்ல. அப்பவும் எரர் ஜீரோன்னு கத்தினார்."

"அதுக்கு என்னடி அர்த்தம்?"

"அவர் அனுப்பறது இங்க வந்து திரும்பல. அங்கேயே, அவர் ரூமுக்குள்ளேயே திரும்புது. லைன் ஒயரைக் கழட்டிட்டு அந்தப் பெட்டியைப் பாக்கச் சொல்லுங்கக்கா. கழட்டினா ஜீரோ வரக் கூடாது."

எழுந்து போனேன். பதினான்கு வருடத்தில் அந்த அறைக்குள் நான் போனது மூன்றோ நான்கோ முறை. ஏசிக் குளிர் எலும்பைத் தொடும். அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலில், தனியாக. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"சரி, உங்க ரெண்டு பேர் மனசும் ஆறட்டும்" என்று லைன் ஒயரை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார்.

பெட்டியில் பூஜ்யம் நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒயர் அவர் கையில் தொங்குகிறது. அனுப்பியது திரும்பி வந்துகொண்டே இருக்கிறது, ஒரு பிசகும் இல்லாமல்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகக் குனிந்து, மோடத்தின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த புது லேபிளை நகத்தால் உரித்தார். அழகான கையெழுத்தில் லைன் எண்ணும் திங்கட்கிழமைத் தேதியும் எழுதிய லேபிள். அதற்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திங்களன்று லைன் அறுந்ததும், தன் மோடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன் பக்கத்து லூப்பை அமுக்கியிருக்கிறார். பிறகு அதை விடுவிக்க மறந்துவிட்டார். மறந்ததைச் சொல்லும் விளக்கின் மேலேயே லேபிளையும் ஒட்டியிருக்கிறார்.

"மூணு நாளா நான் யாரோடம்மா பேசிட்டு இருந்தேன்?" என்றார்.

குத்தலாக ஒரு பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பதினான்கு வருடமாகச் சேர்த்து வைத்தது. அது வரவில்லை.

ஒயரை மாட்டினார். லூப் பொத்தானை விடுவித்தார். அரை நிமிடத்தில் அவள் ஃபோனில் கூவினாள்: "வருது சார்! எல்லாம் வருது!" ரிசீவரை வைத்தார். அவளை நிறுத்தும் கடிதம் என் பையில் கிடக்கிறது என்று சொன்னேன்.

"பை எப்பம்மா போகும்?"

"நாலு மணிக்கு."

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் ஒரு மணி ஃபோன் கேட்கவில்லை. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று, அந்தப் பக்கம் ஸ்டூல் அசையும் சத்தம் கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமுக்கமாக இருந்துவிடப் போகிறார் இந்தக் கிழவர் என்று நினைத்தேன். தானாகச் சரியாகிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நாற்காலியைத் தள்ளினேன். அப்போது அவர் தடுப்பைத் தாண்டி மேலாளர் அறைக்குப் போனார்.

கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது.

"விடுங்க சார், லைன் வந்துடுச்சில்ல? இப்ப இதைப் பதிவேட்டுல ஏத்தினா உங்க நீட்டிப்பு ஃபைலை நான் மேல அனுப்பவே முடியாது" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். ஏத்திட்டேன்."

"இன்னொரு தடவை யோசிங்க."

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். லெட்டரை நிறுத்துங்க."

மேலாளர் சரியென்று தலையாட்டினார். இவர் வெளியே வந்து, என் பையிலிருந்து அந்த உறையை எடுத்து என் கண் முன்னால் நாலாகக் கிழித்தார்.

அவள் நிரந்தரமானாள். இவர் மனு திரும்பி வந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், நாலு வார்த்தைப் பேச்சு. மகன் வரவில்லை. லேபிள் ஒட்டிய சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். லைனை இப்போது எங்கிருந்தோ ஒரு கம்பெனி பார்த்துக்கொள்கிறது. பக்கத்து அறையைப் பூட்டிவிட்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், காதுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் ஒன்பதரைக்கு என்னை அறியாமல் தடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கும் வீட்டில் யாரும் இல்லை, இதை இதுவரை சொல்லவில்லை. அந்த மனிதர் கத்திய கத்தல்தான் என் நாளில் முதல் மனிதக் குரலாக இருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மறு வாரம் ஒரு மணிக்கு அவர் வீட்டு எண்ணைப் போட்டேன். விரல் தானாகப் போயிற்று. இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"யாரு?"

"லைன் உயிரோட இருக்கான்னு பாத்தேன் சார்."

"ஒரு மணி ஆச்சில்லம்மா" என்றார். "ஃபோன் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்."