கஜபதியின் தாயத்து

அடையாள அட்டையின்படி கஜபதி, ‘கணினி வலையமைப்பு மேலாளர்’. ஆள் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். அடித்த எழுத்து திரையில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த எழுத்து. விசைப்பலகை மீதும் சந்தேகம்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் கழன்று கிடந்த ஒயரை மாட்டி நெட்டை வரவழைத்துவிட்டார். மறுநாளே மேலாளர்.

கம்பெனியின் வரைபடங்கள் எல்லாம் பில் போடும் பஞ்சவர்ணத்தின் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. மற்ற மேசைக்காரர்கள் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவர் சாப்பிடப் போகும்போது, கரண்டு வீணாகிறதே என்று அதை அணைத்துவிட்டுப் போவார். ஆபீஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும்.

“எல்லாருக்கும் பொதுவா ஒரு சர்வர் வாங்கு மொதலாளி. யாரு துன்னப் போனாலும் அது பாட்டுக்கு ஓடிகினு கெடக்கும்” என்று பொங்கலிலிருந்து சொல்லி வந்தார் கஜபதி.

முதலாளி உலகநாதன் கண்ணைச் சுருக்குவார். “எட்டு பேருக்கு சர்வரா? எவன்கிட்டய்யா கமிஷன் வாங்கிகினு கீற? தீபாவளிக்குள்ள அதுக்கு இன்னா அவசியம்னு காட்டு. இல்லாட்டி திரும்ப டேப் ஒட்டப் போ.”

பஞ்சவர்ணம் சும்மா இருக்க மாட்டார். “ஆயுத பூஜைக்கு அதையும் ஆஃப் பண்ணித்தான பொட்டு வெக்கணும் அண்ணே?”

“பொட்டு வெய்யி. ஆஃப் பண்ணாத. கோயில்ல போய் சாமிய ஆஃப் பண்ணுவியா நீ?”

கமிஷன் விஷயத்தில் பக்கத்து மேசையிலிருந்து நானும் அவரைக் கவனித்தேன். அடுத்தவர் காசில் டீகூடக் குடிப்பதில்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. எல்லாம் பொதுவில் இருக்க வேண்டும் என்று வாதாடும் இந்த மனிதர், தினமும் திருமுல்லைவாயில் வீட்டுக்குக் கிளம்புமுன் அத்தனை வரைபடங்களையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்கிறார். ஆபீஸ் அதைத் தாயத்து என்று நம்புகிறது.

ஆயுத பூஜையன்று எல்லா ஸ்விட்சுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. கற்பூரம் அணைவதற்குள் பூந்தமல்லி வாடிக்கையாளர் போனில் வந்தார். வால்வு வரைபடம் உடனே வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

உலகநாதனின் விரல் பஞ்சவர்ணத்தின் கம்ப்யூட்டர் ஸ்விட்ச் வரை போயிற்று.

“ஐயையோ சார், சரஸ்வதி!” என்றார் பஞ்சவர்ணம். விரல் திரும்பி வந்தது.

“யோவ் கஜபதி, வேற எங்கனா காப்பி கீதா? முனை ஜெராக்ஸ் கடையில இருந்தாவது அனுப்பிடலாம்யா.”

கஜபதி வாயிலிருந்த பொரியை நிதானமாக மென்று முடித்தார். “சர்வர் இருந்தா கீதுன்னு சொல்லியிருப்பேன் மொதலாளி.”

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள்.

“நாளைக்கே வாங்கித் தொலைய்யா!” என்று கத்தினார் உலகநாதன்.

கஜபதி சட்டையைக் கீழே இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.