கணவருக்குக் கட்டிய ஐநூறு

என் தங்கை ஜீவனாம்சம் கேட்டுப் போட்டிருந்த மனு, குடும்ப நீதிமன்றத்தில் ஒரு மழை நாளில் தள்ளுபடியானது. பள்ளிகளுக்கு விடுமுறை என்று காலையில் தகவல் வந்ததும் நீதிமன்றமும் இருக்காது என்று குரும்பகரத்து வீட்டிலேயே தங்கிவிட்டாள். மழை விடுமுறையை இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொள்வோம். ஆனால் நீதிமன்றம் நடந்தது. சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் அன்று வேறு வழக்கில் இருந்தார். கணவர் மட்டும் தருமபுரத்திலிருந்து குடையோடு வந்திருந்தார். நான்கு ஆண்டுகளாக மகளின் பள்ளிக்கு வழி தெரியாத மனிதர்.

மனுவை மீண்டும் எடுத்துக்கொள்ளக் கேட்டோம். நீதிபதி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். எதிர்த்தரப்பின் செலவுக்காக ஐநூறு ரூபாயை ஏழு நாளுக்குள் கணவரின் வக்கீலிடம் கட்டி, ரசீதைத் தாக்கல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மனு போனது போனதுதான்.

வெளியே வந்ததும் தங்கை தன் வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் இலவசம்னுதானே சார் சொன்னீங்க?"

"என் பீஸ் இலவசம்மா. கோர்ட் பீஸ் இலவசம். அந்தப் பக்கத்துக்குக் கட்டச் சொல்ற செலவு இதுல வராது. அது உங்க பொறுப்பு."

"அன்னைக்கு நீங்களுந்தான் வரல. ஆளுக்குப் பாதி போட்டுக்குவமா?"

வக்கீலுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை.

"பாத்தியாண்ணே, மாசாமாசம் அந்தாளுகிட்ட காசு வாங்கிக் குடுங்கன்னு வந்தேன். மொதல்ல நீ அவருக்குக் குடுங்கிறாங்க" என்றாள். நான் தருகிறேன் என்றதற்கு முறைத்தாள். ஜவுளிக்கடைச் சம்பளத்திலிருந்து அவளே எடுத்து வைத்தாள்.

ஆனால் வாங்க ஆள் இல்லை. முதல் நாள் போனபோது, "சார் திருநள்ளாறு போயிருக்காருங்க" என்றார் கணவரின் வக்கீலுடைய குமாஸ்தா. மூன்றாம் நாள், "கட்சிக்காரரைக் கேக்காம வாங்க முடியாதுங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் கதவு பூட்டியிருந்தது. வக்கீலின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. பத்திரிகை வேலையில், கொடுக்க வேண்டிய பணத்துக்கு ஒளிந்துகொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வர வேண்டிய பணத்துக்கு ஒளிந்துகொண்டவரை அன்றுதான் பார்த்தேன். இன்னும் இரண்டு நாள் ஒளிந்திருந்தால் போதும், அவருடைய கட்சிக்காரர் மகளுக்கு ஒரு பைசா தர வேண்டியிருக்காது.

ஏழாம் நாள் எங்கள் வக்கீல், சும்மா சொல்லக்கூடாது, முதல் வழக்கைக் கூப்பிடும் முன்பே எழுந்து நீதிபதி அம்மாவிடம் சொல்லிவிட்டார். "பணத்தோட வந்திருக்காங்கம்மா. வாங்க மாட்டேங்கிறாங்க."

"எங்ககிட்ட யாரும் கொண்டுவரலைம்மா" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

பின்வரிசையிலிருந்து தங்கை சொன்னாள். "மூணு தடவை வந்தேங்க. உங்க குமாஸ்தா டீகூட வாங்கிக் குடுத்தாரு. அதுக்கும் ரசீது வேணுமா?"

சிரிப்பு அடங்கும்வரை நீதிபதி காத்திருந்தார். "இங்கயே வாங்கிட்டு, இங்கயே ரசீது எழுதிக் குடுங்க."

வக்கீல் எழுதினார். கணவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார் நீதிபதி. கணவர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிரிந்த பிறகு இருவருக்கும் இடையில் பணம் கைமாறியதற்கான ஒரே ஆவணம் அந்த ரசீதுதான்.

மனு மீண்டும் கோப்புக்கு வந்தது. அடுத்த நிமிடமே கணவரின் வக்கீல், பதிலுரை தயாராகவில்லை, நான்கு வாரம் வேண்டும் என்றார்.

"இதுக்கு எவ்வளவும்மா கட்டணும் அவரு?" என்று தங்கை நீதிபதியையே கேட்டுவிட்டாள். எங்கள் வக்கீல் அவள் பக்கம் திரும்பி உதட்டில் விரல் வைத்தார்.

நீதிபதி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "நாலு வாரம் கிடையாது. ரெண்டு வாரம். அதுக்குள்ள பதில் வரலைன்னா, அது இல்லாமலே இடைக்கால ஜீவனாம்சம் போட்டுடுவேன்."

கணவர் தன் வக்கீலிடம் குனிந்து ஏதோ கேட்டார். வக்கீல் ஐநூறைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.