பப்பாளியின் பாதங்கள்

ஃபெங்ஷான் சந்தைக்குப் பின்தெருவில் என் சோயாபால் கடையை ஒட்டினாற்போல் இருப்பது பாவ்ஜூ அக்காவின் லாட்டரிக் கடை. குழந்தையாக இருக்கும்போதே போலியோ வந்து அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலைக் காட்டித்தான், ஊனமுற்றவர்களுக்கென்று அரசாங்கம் தரும் லாட்டரி உரிமம் கிடைத்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் கூண்டைக் காட்டி, "வீட்டுக்கு ஒரு வாய் போதும், இதையே அடக்க முடியல" என்பார்.

கூண்டில் இருந்தது பப்பாளி. உடம்பெல்லாம் பச்சை, தலை மட்டும் பழுத்த மஞ்சள். அந்தக் கிளிக்கு வேறு பெயர் பொருந்தாது. கப்பலில் வேலை பார்த்தவரின் மனைவி ஒருத்தி வீடு மாறும்போது அக்காவிடம் விட்டுப்போனது. யாராவது சுரண்டல் சீட்டை எடுத்து நகத்தால் சுரண்ட ஆரம்பித்தால் போதும், கழுத்தை நீட்டிக்கொண்டு, "விழுந்துச்சா? விழுந்துச்சா?" என்று கேட்கும். பரிசு விழாதவனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த வாரம் அதன் முன்னால் வந்து நின்றுதான் சுரண்டுவான்.

போன வசந்தத்தில் பப்பாளியின் பேச்சு குறைந்தது. கொஞ்ச நாளில் அடியோடு நின்றது. கட்டையில் உட்காராமல் கூண்டுக் கம்பியை அலகால் கவ்விக்கொண்டு தொங்கியது. உட்கார்ந்தாலும் ஒரு கால் மாற்றி ஒரு கால் தூக்கிக்கொண்டே இருந்தது, வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் செருப்பில்லாமல் நிற்பவனைப் போல. கையை நீட்டினால் கடித்தது. அக்காவை அது கடித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

வாடிக்கையாளர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வயசாகிவிட்டது என்றார் ஒருவர். கல்லாவின் திசை சரியில்லை என்றாள் மீன்காரி. எதிர்வீட்டு ஹுங் அண்ணன் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுரண்டலில் அவருக்கு எதுவும் விழுந்ததே கிடையாது. அவர், இத்தனை பேர் தோற்பதைப் பார்த்துப் பார்த்துக் கிளிக்கே மனசு விட்டுப்போச்சு என்றார். அக்கா எதையும் தள்ளவில்லை. கல்லாவைத் திருப்பிப் போட்டார், கோயிலிலிருந்து மஞ்சள் தாளில் எழுதிய காப்பு வாங்கிவந்து கூண்டின் மேல் ஒட்டினார். பப்பாளி அதையும் கிழித்துப் போட்டது.

ஒருநாள் மதியம் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே இரண்டு கட்டைகள். இரண்டும் துடைப்பக் கைப்பிடி மாதிரி ஒரே கனம், கடைந்தெடுத்த வழவழப்பு. அவற்றின்மேல் உப்புத்தாள் உறை மாட்டியிருந்தது. நகம் தானாகவே தேய்ந்துவிடும், வெட்டவே வேண்டாம் என்று சொல்லிச் செல்லப்பிராணிக் கடைக்காரன் விற்றது. அந்த உப்புத்தாளில் மிளகு அளவுக்கு ரத்தம் காய்ந்திருந்தது.

"யாலிங், கடைய உன் வீட்டுக்காரர் பாத்துப்பாரா? என்கூட வாயேன்" என்றார்.

அவருடைய மூன்று சக்கர ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, பப்பாளியின் சின்னக் கூண்டை மடியில் பிடித்துக்கொண்டு போனேன். பறவைகளை மட்டும் பார்க்கும் டாக்டர் கோ சின்னப் பெண். கிளியைத் துண்டால் சுற்றி மல்லாத்தி, உள்ளங்காலை விளக்கில் காட்டினாள். கிளியின் உள்ளங்காலில் மணி மணியாகச் செதில் இருக்குமாம். பப்பாளிக்கு நடுவில் அது தேய்ந்து, பிளாஸ்டிக் மாதிரி பளபளவென்று சிவந்திருந்தது. ஒரு காலில் புண் வாய் திறந்திருந்தது.

டாக்டர் கோபப்படாமல்தான் பேசினாள். காலையிலிருந்து ராத்திரிவரை ஒரே கனமுள்ள கட்டையில் நின்றால் உடம்புப் பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். அதன்மேல் உப்புத்தாள் என்றால் அந்த இடம் நாள் முழுக்க உரசும். சூரியகாந்தி விதை தின்று தின்று உடம்பு வேறு பெருத்திருக்கிறது. இப்போதைக்கு மருந்து போட்டு மெத்தென்று வைத்துப் பார்க்கலாம். உள்ளே சீழ் கட்டினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இந்த வயதில், இந்த எடையில், மயக்க மருந்தைத் தாங்குமா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"என்ன கட்டை போடணும், அதச் சொல்லுங்க டாக்டர்" என்றார் அக்கா.

"நேரா இருக்கறது வேணாம்மா. பட்டையோட இருக்கற மரக்கொம்பு, கோணலா, ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெலிசா இருக்கணும். நடக்க நடக்கக் கால் வேற வேற மாதிரி பிடிக்கும், பாரம் இடம் மாறும். விரல் முழுசாச் சுத்தி நகம் நகத்துல முட்டினா அது ரொம்ப மெலிசுன்னு அர்த்தம். உக்காந்து ஓய்வெடுக்க ஒரு தட்டைப் பலகையும் வைங்க."

திரும்பும்போது சிக்னலில் வண்டி நின்றது. அக்கா முன்னால் பார்த்தபடியே பேசினார். பள்ளிக்கூட நாளில் இடது காலுக்கு இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் வைத்த காலிபர் போட்டிருந்தாராம். வளர வளர அது கணுக்கால் எலும்பில் ஒரே இடத்தில் அழுத்திப் புண்ணாகி, ஒரு மழைக்காலம் முழுக்க வகுப்புக்குப் போகவில்லையாம். பட்டறைக்காரன் அந்த இடத்தில் கொஞ்சம் தோலைக் குடைந்து பஞ்சு வைத்த பிறகுதான் ஆறியது.

"நான் வாய் உள்ளவ, வலிக்குதுன்னு அழுதேன். இது எப்படிடி சொல்லும்? கடிச்சுத்தான் சொல்லியிருக்கு. நான் தாயத்து ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

அன்றே உப்புத்தாளைக் கழற்றி எறிந்தார். பழைய கட்டைகளில் பருத்தித் துணியை மெத்தென்று சுற்றினார். சூரியகாந்தி விதையை எடுத்துவிட்டுப் பூசணியும் சர்க்கரைவள்ளிக் கீரையும் வைத்தார். பப்பாளி பூசணியை எடுத்துச் சுவரில் அடித்தது.

கொம்பு வேண்டும் என்ற செய்தி தெருவில் பரவியது. லாட்டரி வாங்க வருகிறவர்கள் கையில் குச்சியோடு வந்தார்கள். பாதி, ஐஸ் குச்சிக்கு அண்ணன் தம்பி. ஒன்று கறையான் அரித்தது. அக்கா ஒவ்வொன்றையும் வாங்கித் தன் விரல்களைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார், வளைவில் கட்டைவிரலை ஓட்டுவார், நன்றி சொல்லி ஓரமாக வைப்பார்.

ஹுங் அண்ணன்தான் எல்லாரையும் விட நல்ல கொம்பு கொண்டுவந்தார். கிளையும் கவட்டையுமாக, கை கனத்தில், கேட்ட மாதிரியே கோணல். அக்கா முகம் மலர்ந்தது. வெட்டுவாயில் பால் கசிந்திருப்பதைப் பார்த்ததும் மலர்ந்த முகம் மாறிவிட்டது.

"அண்ணே, இது எங்க வெட்டுனது?"

"ஆத்தங்கரையில. பூ கூட இருந்துச்சு, ரோஸ் கலர்ல. ஏன்?"

"அரளி அண்ணே இது. கிளி எதையும் கடிக்காம நிக்காது. ஒரு கடி கடிச்சா அதோட கதை முடிஞ்சிரும்."

ஹுங் அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் வெட்டி வந்திருக்கிறார். "நான் என்ன விஷம் வைக்கவா வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, சீட்டு வாங்காமலே போனார். அக்கா அந்தக் கொம்பைக் குப்பையில் போட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். அப்புறம், தான் பேசிய விதம் சரியில்லையோ என்று என்னிடம் வந்து கேட்டார். விஷத்தை எந்த விதமாகப் பேசினாலும் விஷம்தானே என்றேன்.

மறுநாள் காலையில் ஹுங் அண்ணன் கொய்யாக் கொம்புகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். மச்சினன் தோட்டத்து மரமாம்.

"மருந்து அடிச்சதா அண்ணே?"

"வீட்டுக்குத் திங்கற மரம். மருந்து அடிச்சா மச்சினன் பொண்டாட்டி என்னை அடிப்பா. போதுமா? இல்ல, நானே கடிச்சுக் காட்டணுமா?"

"கடிங்க" என்றார் அக்கா. அவர் கடித்தும் விட்டார்.

கொம்புகளை அக்கா தேய்த்துக் கழுவி மாடியில் வெயிலில் உலர்த்தினார். தடியானதைக் கூண்டுக்குள் தாழ்வாக வைத்தார், விழுந்தாலும் அடிபடாமல் இருக்க. கவட்டையுள்ளதை மேலே பொருத்தினார். ஒரு மூலையில் தட்டைப் பலகை. பார்க்கச் சின்னக் காடு மாதிரி அழகாக இருந்தது. பப்பாளிக்கு மட்டும் பிடிக்கவில்லை. புதுக் கொம்பைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்து, கம்பியிலேயே தொங்கியது. புண்ணுள்ள காலோடு தொங்குகிறதே என்று அக்கா கூண்டைத் திறந்தார். கொம்புகளை வெளியே எடுத்துக் கல்லாப் பெட்டிமேல், அது பார்க்கிற மாதிரி வைத்தார். சில நாள் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், சீட்டு விற்றார், தடவிக்கொடுத்தார். அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். பழைய கட்டை ஒன்றை மட்டும் எடுக்காமல் விட்டார்.

அந்த வாரம் புயல் வந்தது. ஊருக்கே விடுமுறை. நான் மிச்சமிருந்த சோயாபாலைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது, குனிந்து நுழைந்தேன். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சீட்டு சுரண்ட ஆளில்லை.

பப்பாளி கம்பியிலிருந்து ஒரு காலை நீட்டிக் கொய்யாக் கொம்பைத் தொட்டது. எடுத்தது. மறுபடி தொட்டது. பிறகு அலகால் கொம்பைக் கவ்விக்கொண்டு இரண்டு காலையும் அதன்மேல் வைத்தது. ஏறியதும் செய்த முதல் வேலை, பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து எங்கள்மேல் போட்டதுதான்.

"அய்யய்யோ, புதுக் கொம்பு" என்றேன்.

"உரிக்கட்டும். கொய்யா மரத்துக்கா பஞ்சம்?" என்றார் அக்கா.

உரித்து முடித்து, தடியான பக்கத்துக்கு நடந்துபோய் நின்றது. நல்ல காலை ஊன்றி, புண்ணான காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டது. தலையை முதுகில் திருப்பி வைத்துத் தூங்கிவிட்டது. அது ஒற்றைக் காலில் நின்று தூங்கி எத்தனையோ நாளாயிற்று. கால் மாற்றிக்கொண்டே இருந்த கிளி எங்கே தூங்குவது? நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை அடக்கினார். மழை விடும்வரை நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சோயாபால் ஆறி ஆடை கட்டிவிட்டது.

அதற்கப்புறம் நாளுக்கு நாள் தேறியது. பூசணியும் சாப்பிடப் பழகிவிட்டது. ஹுங் அண்ணன் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் "விழுந்துச்சா?" என்று கேட்டது. அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "விழலடா சாமி, நீ பேசு" என்றார்.

மறுபடி டாக்டரிடம் போனோம். டாக்டர் கோ உள்ளங்காலை விளக்கில் பிடித்து, விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். சீழ் இல்லை. புண் மூடியிருந்தது. பளபளப்பு மங்கி, ஓரத்தில் சின்னச் சின்ன மணிச் செதில் எழும்பத் தொடங்கியிருந்தது. எடையும் குறைந்திருந்தது.

"அறுக்க வேண்டியதில்லம்மா. கொம்ப அப்பப்ப மாத்திக்கிட்டே இருங்க, அது போதும்" என்றாள்.

அக்கா தலையாட்டினார். மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்தார். வெளியே வந்து கூண்டை என் மடியில் வைத்தார். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

"பசிக்குது யாலிங்" என்றார். "காலையிலேர்ந்து ஒண்ணும் உள்ள இறங்கல."

எதிரிலேயே பால்மீன் கஞ்சிக் கடை இருந்தது. கூண்டை நாற்காலியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அக்கா இரண்டாவது கிண்ணமும் கேட்டார், இஞ்சி கொஞ்சம் கூடப் போடச் சொல்லி.