நான் போகாத ஞாயிற்றுச் சந்தை

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி, என் கணவருக்கு இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பாளையங்கோட்டை வீம்பையும் பெட்டியோடு கட்டிக்கொண்டுதான் தூத்துக்குடியில் கப்பலேறினேன். எங்கள் வேதக்கார வீட்டில் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை காசைத் தொடமாட்டோம். கறி, காய், கருவேப்பிலை முதற்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடும்.

தோட்டத்திலோ சனிக்கிழமை இருட்டும்வரை வேலை. அரிசி அங்கேயே கொடுத்துவிடுவார்கள். மற்றதெல்லாம் நாலு மைல் கீழே கூடும் சந்தையில்தான். அது கூடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு மாதம் சோறும் துவையலுமாகத் தின்றோம். பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பக்கத்தில் கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் சேரன்மகாதேவிக்காரி ஒருத்தி இருந்தாள். வாரம் ஆறு நாள் கொழுந்து பறிப்பவள். எங்கள் ஆற்றங்கரைக்காரி என்பதாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. சனிக்கிழமை சாயங்காலமே அவளிடம் காசையும் கூடையையும் கொடுத்துவிட்டால், மறுநாள் வாங்குவது நானில்லையே!

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கியே" என்று என் கணவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. சிரித்தவரும் மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அந்தச் சேரன்மகாதேவிக்காரி முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம். ஒரு சனிக்கிழமை கூடையை நீட்டியபோது, "மேலுக்கு முடியலம்மா. இந்த வாரம் மட்டும் விட்டுருங்களேன்" என்றாள். மறுநாள் உபதேசியார் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக இருந்தது.

"பைய நடந்து போயிட்டு வா. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

மழையில் இரண்டு வீட்டுச் சுமையோடு மேடேறி வந்தாள். அப்போது நாங்கள் உள்ளே கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கரு கலைந்துவிட்டது.

ஓய்வுநாளில் வேலைக்காரிக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வேதத்தின் பத்துக் கட்டளையிலேயே இருக்கிறது. மிஷன் பள்ளியில் அதை ஒரு எழுத்துத் தப்பாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது.

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலமும் அவள் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்கு நானே சந்தைக்குப் போறேன். நீ படுத்திரு" என்றேன்.

"இனிமே படுத்திருந்து என்னத்துக்கும்மா? என்ன வாங்கணும், சொல்லுங்க" என்று கூடைக்குக் கையை நீட்டினாள்.