அரங்கம் முழுக்கக் கத்திய பின்னேரம்

சிட்னிக்கு வந்த புதிதில் ஹோம்புஷில் ஒரு சின்னப் பிளாட்டில் இருந்துகொண்டு, கார் உதிரிப்பாகங்கள் வைக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தேன். அங்கே சாமான் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் வேலை முடிந்ததும் என்னைத் தன் காரில் ஏற்றி வந்து விடுவார். என்னைவிட நன்றாக மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய காரில் எந்நேரமும் ஒரே ஆளின் கிற்றார்தான் ஓடும்.

அந்தக் கிற்றார்காரர் அமெரிக்காவின் மலைப்பக்கத்து மனிதர். நாட்டுப்பாடல்களைப் பாடிக்கொண்டே வாசிப்பார். விரல்கள் என்ன வேகத்தில் போனாலும் ஒவ்வொரு சுரமும் தட்டில் கொட்டிய பயறு மாதிரித் தனித்தனியாகக் கேட்கும். எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் சினிமாப் பாட்டும் கோயில் நாதஸ்வரமும்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு நாள் கிரிக்கெற் ஸ்கோர் கேட்பதற்காக அவர் கசெற்றை நிறுத்தியபோது, “அதைத் திரும்பப் போடுங்கள்” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். அடுத்த நாளே பிரதி எடுத்த கசெற் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதில் படம் இல்லை, அட்டை இல்லை. பெயர் மட்டும் பேனாவால் எழுதியிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி வந்து சேர்ந்தபோது, “இதென்ன, ஆணி அடிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றாள். ஆனால் கொஞ்ச நாளிலேயே குசினியில் அந்தக் கசெற் இல்லாமல் அவளுக்குச் சோறு வேகாது என்றாகிவிட்டது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அவர் தொண்டையைச் செருமுவார் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

“இந்த மனுசன் சிரிச்சுக்கொண்டுதான் பாடுது. வடிவாக் கேட்டுப் பாருங்கோ” என்பாள்.

அவருடைய முகத்தை ஊகிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. அவள் அவருக்குத் தொப்பையும் செம்பட்டை மீசையும் வைத்தாள். நான் ஒல்லியாக, நெட்டையாக, தொப்பி போட்டவராகப் பார்த்தேன்.

போர்க்லிஃப்ட்காரருடைய கராஜில் மாதம் ஒரு ஞாயிறு அவரைப் போன்ற இரசிகர்கள் சிலர் கூடுவார்கள். எங்களையும் கூப்பிட்டார். மனைவி கட்லற் செய்து கொண்டுபோவாள். அங்கே மணிக்கணக்காக அந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் பேச்சு. வலது மணிக்கட்டை எப்படி வைத்திருக்கிறார், எந்தப் பாட்டை எந்த வயதில் இன்னும் நன்றாக வாசித்தார் என்று சண்டையே பிடிப்பார்கள். அமெரிக்காவில் அவருக்குத் தடிமல் பிடித்து ஒரு கச்சேரி நின்றுபோனதாகக் கேள்விப்பட்டால் இங்கே இவர்களுடைய முகம் வாடிவிடும். தங்கள் வீட்டுச் சித்தப்பா ஒருவர் தூரத்தில் தனியாக இருப்பதுபோலத்தான் அந்தக் கவலை.

கடைசியில் அவர் சிட்னிக்கே வந்தார். ஞாயிறு பின்னேரக் கச்சேரி. நாங்கள் பிந்தி டிக்கெற் எடுத்ததால் எங்கள் இரண்டு பேருக்கும் பின்வரிசைதான் கிடைத்தது. அரங்கு நிறைந்திருந்தது. பாஞ்ஜோ வாசிக்கும் இளைஞர் ஒருவர் அவருடைய முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினார். வயதானவருக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் சரியாகத் தெரியவில்லை. மீசை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

“தொப்பியும் இல்லை” என்றாள் மனைவி என் காதுக்குள்.

வாசிக்கத் தொடங்கியதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தவள் விடவே இல்லை. எங்கள் குசினிக்குள் இருந்த மனிதர் அங்கே உயிரோடு இருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். பாஞ்ஜோக்காரர் தன் வாத்தியத்தை வைப்பதற்காக ஓரமாகப் போனார். கிற்றார்காரர் எழுந்து கிற்றாரைக் கதிரையில் சாய்த்துவைத்தார். சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி நடந்தார். ஒலிவாங்கியைத் தாண்டியும் நடந்தார்.

“பாரும், சனத்துக்குக் கிட்ட வாறார்” என்றேன் மனைவியிடம். எனக்குச் சந்தோசம். இன்னும் பலமாகக் கைதட்டினேன்.

அப்போதுதான் அரங்கம் கத்தியது.

அது மகிழ்ச்சிக் கூச்சல் அல்ல. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பயந்து எழுப்புகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியொரு சத்தத்தை ஊரோடு விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் மனைவி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே குந்திவிட்டாள். நானும் குந்தினேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது அரங்கம் அடங்கிப்போயிருந்தது. அவர் மேடையின் விளிம்பில் நின்றார். ஒரு சப்பாத்தின் முன்பாதி வெறுங்காற்றில் இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் ஓடிப்போய் விளிம்பு நெடுகக் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் அவருடைய கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது?” என்று அவர் கேட்டார். ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

“ஒன்றும் இல்லை” என்றாள் அந்தப் பெண்.

அவர் காலை மெல்லப் பின்னால் எடுத்தார். “கைதட்டல் இருக்கிற பக்கம் நடந்தேன். நல்லவேளை, நிறுத்திவிட்டீர்கள்” என்று சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரம் வேறு யாரும் சிரிக்கவில்லை. பாஞ்ஜோக்காரர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்த பிறகுதான் அரங்கத்துக்கு மூச்சு வந்தது. பலர் அழுதுகொண்டு சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான பெண்ணிடம், “அவருக்கு என்ன, சுகமில்லையா?” என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். “அவருக்குக் கண் தெரியாதே. குழந்தையிலிருந்தே தெரியாது. உங்களுக்குத் தெரியாதா?”

நான் அதைத் தமிழில் சொன்னபோது மனைவி இன்னும் தரையில்தான் இருந்தாள்.

“பகிடி விடாதேங்கோ” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே கராஜ் கூட்டாளிகள் எங்களுக்காகக் காத்து நின்றார்கள். எல்லோருடைய முகமும் வெளிறிக் கிடந்தது. மனைவி நேராகப் போர்க்லிஃப்ட்காரரிடம் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டாள்.

“எதை?”

“அவருக்குக் கண் தெரியாது எண்டதை.”

அவர் திகைத்துப்போனார். “நான் சொல்லவே இல்லையா?” என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. இத்தனை காலம் அந்த மனிதருடைய மணிக்கட்டையும் நகத்தையும் பற்றிப் பேசிப் பேசிக் களைத்தவர்களுக்குக் கண்ணைப் பற்றிப் பேச ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

“மறைக்கவில்லை. பேசுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது” என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

ரெயினில் திரும்பி வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் ரெயினிலும் ஒருவர் பாடிக்கொண்டு வருவார். அவரை நாங்கள் எல்லோரும் கண் தெரியாதவர் என்றுதான் சொன்னோம். என்ன பாட்டுப் பாடினார் என்று யாரும் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அதன் பிறகு மனைவியால் கசெற்றைக் கேட்க முடியவில்லை. போட்டாலும் முதல் பாட்டிலேயே நிறுத்திவிடுவாள். “அந்தக் கால்தான் வருகுது. காத்தில நிண்ட கால்” என்பாள். நான் போர்க்லிஃப்ட்காரருடைய காரில் மட்டும் கேட்டேன். பல மாதம் கழித்து ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது குசினியில் கிற்றார் கேட்டது. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கிற்றார்காரர் இரண்டாம் முறை சிட்னிக்கு வந்தபோது நாங்கள் டூங்கபிக்கு வீடு மாறியிருந்தோம். இதுவும் பின்னேரக் கச்சேரிதான். இந்த முறை மூன்றாம் வரிசை. கச்சேரி முடிந்ததும் அவருக்குக் கை கொடுக்க இரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். போர்க்லிஃப்ட்காரர் என் மனைவியைத் தனக்கு முன்னால் விட்டார். அவள் கூச்சத்தோடு கையை நீட்டி, “உங்கட பாட்டு எனக்குச் சரியான விருப்பம்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் கையை விடாமல் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இந்தக் குரல் இந்த ஊருடையது இல்லையே. எங்கிருந்து வந்தீர்கள்?”

“யாழ்ப்பாணம். சிலோன்.”

“எனக்கு அந்த இடம் தெரியாது. காலையில் கண்விழித்தால் அங்கே முதலில் என்ன சத்தம் கேட்கும்?”

அவள் கோயில் மணி என்பாள், காகம் என்பாள் என்று நான் நினைத்தேன்.

“ஹெலிகொப்ரர்” என்றாள் அவள். யோசிக்கவே இல்லை. “பிறகு அம்மா எங்களை நிலத்தில வெட்டின பங்கருக்குள்ள வரச்சொல்லிக் கத்துவா.”

நான் அவளுடைய கணவன், அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு இது தெரியாது. நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “நாங்கள் தப்பிட்டம்தானே, பிறகென்ன” என்று பேச்சை மாற்றிவிடுவாள். முதல் கச்சேரியில் அந்தக் கத்தலுக்கு என்னை ஏன் தரைக்கு இழுத்தாள் என்றுகூட நான் கேட்டதில்லை.

“இப்போதும் கேட்கிறதா?” என்றார் அவர்.

“ஓம்” என்றாள் தமிழில்.

அவர் தன் மற்றக் கையையும் அவளுடைய கைமேல் வைத்து அப்படியே பிடித்திருந்தார். வரிசையில் நின்ற ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

வரும் வழியில் போர்க்லிஃப்ட்காரர்தான் காரை ஓட்டினார். பரமற்றா ரோட்டில் ஏறியதும் மனைவி தமிழில் சொல்லத் தொடங்கினாள். குண்டு விழுந்த காலைநேரம், பங்கருக்குள் அவளுடைய மடியில் இருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, அந்தப் பிள்ளையின் தாய் வெளியிலிருந்து வராமலே போனது. முன் இருக்கையில் இருந்தவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் எங்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பொழுது சரிந்துகொண்டிருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் இறங்கவில்லை.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவரையும் உள்ளுக்குக் கூப்பிடுங்கோ, சாப்பிட்டுட்டுப் போகட்டும்” என்றாள்.