எர்த் அக்கா

“இரும்பத் தொடு” என்கிறார் எர்த் அக்கா, லாரியிலிருந்து இறங்கும் டிரைவரைப் பார்த்து. வாப்பா, நல்லா இருக்கியா எல்லாம் அப்புறம்தான். சீட்டில் உரசி உரசி வந்த மனிதன் முதலில் பக்கத்தில் மண்ணில் நட்டிருக்கும் இரும்புக் கம்பத்தைத் தொட்டாக வேண்டும். சில நாள் சுருக்கென்று விரல் நுனியில் கடிக்கும். டிரைவர் கையை உதறுவான். “பாத்தியா? இது பெட்ரோல் பக்கத்துல கடிச்சிருந்தா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் லாரிக்குப் பின்னால் போய்விடுவார்.

எண்ணெய்க் கிடங்கில் டேங்கர் லாரிகளுக்கு எர்த் கிளிப் மாட்டுவது அவர் வேலை. பல் வைத்த பெரிய கிளிப். அதிலிருந்து கிளம்பும் கம்பி மண்ணுக்குள் போகிறது. லாரியின் பின்புறம் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருக்கும் இரும்புத் தகட்டை அது நன்றாகக் கவ்வினால் பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் பம்ப் ஓடும். வேலைக்குப் பருத்தியைத் தவிர வேறு துணி உடுத்த மாட்டார். மகள் ஆசையாக வாங்கித் தந்த நைலான் சட்டை அலமாரியில் தூங்குகிறது.

ஏன் இத்தனை கெடுபிடி என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார்கள். “புதுசா எதுவும் பொறக்கல. பெட்ரோல் குழாய்ல உரசிக்கிட்டு ஓடுதா? அப்ப ஒண்ணுகிட்ட இருக்கிற சார்ஜ் இன்னொண்ணுக்குப் போகுது, அவ்வளவுதான். லாரி நிக்கிறது ரப்பர் டயர் மேல. வந்தது எங்க போகும்? ஒரே மாதிரி சார்ஜு ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு ஓரமா வந்து நெருக்கியடிச்சு நிக்கும். வழி குடுத்தா மண்ணுக்குப் போயிடும். குடுக்கலைன்னா தாவும்.” ‘தாவும்’ என்னும்போது கண் பெரிதாகும். அந்தத் தாவலுக்குப் பெயர் தீப்பொறி. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அது போதும். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டதாம். “அந்த வகுப்புல தூங்காத ஒரே ஆளு நான்தான்” என்று பெருமை வேறு.

தகட்டில் துருவோ பெயிண்டோ இருந்தால் தயவு தாட்சண்யம் கிடையாது. பையிலிருந்து பித்தளைச் சுரண்டி வெளியே வரும். வறக் வறக்கென்று இழுத்துவிடுவார். “வண்டியப் புண்ணாக்கிட்டியே அக்கா” என்று டிரைவர்கள் அலறுவார்கள். விளக்கு பழுதாகிவிட்டால் பம்பை ஓட்ட ஒரு தனிச் சாவி உண்டு. அது அவர் இடுப்பில் தொங்குகிறது. அவசரக்காரர்கள் அதைப் பார்த்துப் பல்லை இளிப்பார்கள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் தம்பி வந்தான். கூடப் பிறந்தவன், பெற்றவர்கள் போன பிறகு அக்கா கையால் தின்று வளர்ந்தவன். பல வருடம் யாருடைய தண்ணீர் லாரியையோ ஓட்டி, இப்போதுதான் சொந்தமாக டேங்கர் வாங்கியிருந்தான். முதல் லோடு அக்கா கையால்தான் ஏற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று இந்தக் கிடங்குக்கே வந்துவிட்டான்.

கிளிப்போடு பின்னால் போன அக்கா அப்படியே நின்றார். தகடு இருந்த இடத்தில் பளபளவென்று மஞ்சள் எழுத்தில் ‘அக்கா’ என்று எழுதியிருந்தது.

“பெயிண்டர் சோம்பேறிப் பய. இந்த எடத்த மட்டும் அடிக்காம விட்டுட்டுப் போயிட்டான். நானே அடிச்சு நானே எழுதினேன். நீ நிக்கிற பக்கமாச்சே! எப்படி?” தம்பிக்கு வாயெல்லாம் பல்.

கிளிப்பை மாட்டிப் பார்த்தார். விளக்கு சிவப்பிலேயே நின்றது.

“சுரண்டணும்டா.”

“எதை, அதையா? விடமாட்டேன். வேற எங்கயாவது மாட்டு.”

“வேற எடம் எங்க இருக்கு? உடம்பு முழுக்கப் பூசி வெச்சிருக்கியே!”

“அந்தச் சாவிய ஒரு திருப்பு திருப்பேன். இந்த ஒரு தடவைதானே? உனக்காக எழுதினது அக்கா.”

அக்காவின் கை இடுப்புக்குப் போனது. ஆம், போகத்தான் செய்தது. தன்னை நினைத்து ஒருவன் எழுதிய எழுத்து, வாழ்க்கையில் முதல் தடவை. அதை அழிக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் பெட்ரோல் ஏறும்போது டேங்கின் மேல், திறந்த மூடிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவனும் அவனேதான். கை சாவியை விட்டது.

சுரண்டியை எடுத்து எழுத்தின் மேல் வைத்தார். எத்தனையோ லாரிகளை ஈவிரக்கமில்லாமல் சுரண்டிய கை அசையவே இல்லை.

“எனக்குக் கை வரலடா. நீயே சுரண்டு.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுரண்டியை வாங்க வந்த தம்பி, அக்காவின் கண்ணைப் பார்த்தான். உட்கார்ந்து சுரண்டினான். மஞ்சள் உதிர உதிர அடியில் இரும்பு தெரிந்தது. அக்கா கிளிப்பை மாட்டினார். பச்சை எரிந்தது.

லோடு ஏறித் தம்பி கிளம்பிப் போனான். அடுத்த லாரி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பூட்ஸின் மேல் விழுந்திருந்த மஞ்சள் தூளை எர்த் அக்கா அன்று முழுக்கத் தட்டிவிடவே இல்லை.