ஓடைப்பட்டிக்குப் போன வாட்டர் பம்ப்

காலை ஆறரை மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்பினேன். ஆயில், பேட்டரி நீர், ஸ்டெப்னியின் காற்று, ரேடியேட்டர், எல்லாம் முறைப்படி பார்த்தாயிற்று. பேருந்துப் பணிமனைகளில் வேலை பார்த்து, கடைசியில் ஒன்றுக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இவற்றைப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுத்த ஓட்டுநர்களுக்கு என் கையால் எத்தனையோ மெமோ போயிருக்கிறது. எனக்கு மெமோ கொடுக்க இப்போது யாரும் இல்லை என்பதற்காக முறையை விட முடியுமா?

வண்டி 1968-ஆம் வருடத்து வெள்ளை அம்பாசிடர். போகவேண்டிய இடம் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஓடைப்பட்டி, ஏறத்தாழ நூற்றுப்பத்து கிலோமீட்டர். போவது விற்பதற்கு. எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு வண்டிதான் நிறுத்தலாம் என்று விதி. விதியை எழுதியவன் நான், முதல் செயலாளராக இருந்தபோது. போன மாதம் என் மகன் புதுக் கார் வாங்கினான். இப்போதைய செயலாளர் அந்த விதியை எனக்கே வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி வாசித்தார். அங்கே காற்புள்ளி கிடையாது.

வாங்குபவர் பெயர் சரவணன். திராட்சைத் தோட்டத்துக்குள் நான்கு அறைகள் கட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். தேனி ரயில் நிலையத்திலிருந்து விருந்தாளிகளை இந்த வண்டியில் அழைத்து வரப்போவதாகச் சொன்னார். மதுரையில் ஒருவர் இதைவிட அதிகம் தருவதாக இருந்தார். அவருக்குக் கல்யாணப் படம் எடுக்க வெறும் கூடு போதும் என்பதால் மறுத்துவிட்டேன். என் நிபந்தனை ஒன்றுதான்: வண்டி ஓட வேண்டும். சரவணன் ஒப்புக்கொண்டார்.

உசிலம்பட்டி தாண்டும்வரை குறையில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது பானட்டுக்குள் யாரோ தேங்காய் துருவுவது போல ஒரு சத்தம். இறக்கத்தில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. காற்றாலைகளுக்குக் கீழே ஓரங்கட்டித் திறந்தேன். பம்ப்பின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் ஃபேன் வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே இருக்கிறது. ஃபேனைப் பிடித்து ஆட்டினேன், பல் ஆடுவது போல ஆடியது. பேரிங் போய்விட்டது. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, வழியில் இரண்டு முறை நின்று, ஒன்பதேகாலுக்குத் தேனி வந்து சேர்ந்தேன்.

தேனிக்கு வராதவர்களுக்கு ஒரு விவரம். இது ஜீப்புகளின் ஊர். விடிவதற்கு முன்பே ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டுக்கும் குமுளிக்கும் ஏறுகிற ஜீப்புகள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டம் ஒரு எண் சொல்கிறது. ஜீப்புகள் வேறு எண் சொல்கின்றன. இவற்றைப் பிழைக்க வைக்கும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆகையால் வாட்டர் பம்ப் மாற்றுவதற்கு இதைவிடச் சிறந்த ஊர் இல்லை என்று நினைத்தேன்.

கடைவீதியில் ஜெபராஜ் என்பவரின் உதிரிபாகக் கடையில் என் வண்டிக்கு ஏற்ற பம்ப் ஒன்று இருந்தது. மேல் தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். டப்பாவில் ஒரு விலை அச்சடித்திருந்தது. அதன்மேல் என் கண்முன்னாலேயே இன்னொரு விலையை ஒட்டினார்: 1,850 ரூபாய்.

“பழைய விலை கீழ தெரியுது,” என்றேன்.

“தெரியட்டும் சார். வேற எங்கன கெடச்சாலும் வாங்கிக்கங்க. கெடைக்காது,” என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லாததால் வாங்கினேன்.

அவரே கம்பம் சாலையில், பழனிசெட்டிபட்டியில் முருகேசன் என்ற மெக்கானிக்கின் பட்டறையைக் காட்டிவிட்டார். முருகேசன் என் வயதில் பாதிதான் இருப்பார், வேலை தெரிந்தவர். ரேடியேட்டரைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, ஃபேனை எடுத்து, பழைய பம்ப்பை வெளியே கொண்டுவந்தது எல்லாம் வரிசைப்படி நடந்தது. பேக்கிங் காகிதம் ஒட்டும் முகத்தை பிளேடால் சுரண்டாமல் துணியால் துடைத்தார். போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினார். நான் வாய் திறக்க அவசியமே ஏற்படவில்லை. அந்தத் திருப்தியில் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன். அதுதான் தப்பு.

டீ குடிக்கும்போது சரவணன் போன் செய்தார்.

“எத்தன மணிக்கு வருவீக சார்? ஒரு மணிக்குள்ள வந்துருவீகல்ல?”

“பம்ப் மாத்துறாங்க. வந்துடுவேன்.”

“பம்பெல்லாம் எதுக்கு சார் மாத்திக்கிட்டு? இழுத்துக்கிட்டாவது வந்துருங்க. ரெண்டு மணிக்கு மேல ஆள் இருக்க மாட்டாக.”

வண்டியைப் பார்க்க ஊரே கூடியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆர்வத்தில் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

பதினொன்றரைக்குக் கிளம்பினேன். சாலையின் இருபுறமும் வாழை, தென்னை, இடையிடையே நெல். வீரபாண்டிக் கோயில் வரும்வரை முள் குளிரிலேயே படுத்துக் கிடந்தது. மே மாத வெயிலில் பத்து நிமிடம் ஓடிய இன்ஜின் சூடாகவில்லை என்றால் காரணம் ஒன்றுதான். வண்டியை நிறுத்தி முருகேசனுக்குப் போன் செய்தேன்.

“தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டீங்களா?”

“ஆமா சார். எல்லா வண்டிக்கும் எடுத்துருவோம்ல,” என்றார், காபிக்குச் சர்க்கரை போட்டதைச் சொல்வது போல.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சிறு கதவு. மலை ஏறும் ஜீப்பில் அது சிக்கிக்கொண்டால் கொண்டை ஊசி வளைவில் கொதித்து நின்றுவிடும். அதனால் இந்தப் பள்ளத்தாக்கில் பட்டறைக்கு வரும் வண்டி எதுவானாலும் அதைக் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். யாரையும் கேட்பதில்லை, அதற்குக் கூலியும் வாங்குவதில்லை. உபகாரமாகச் செய்கிறார்கள். ஆனால் சமவெளியில் ஓடும் வண்டி சூடே ஏறாமல் ஓடினால் சிலிண்டர் தேயும், பெட்ரோல் குடிக்கும், ஆயில் கெடும். சில வருடங்களில் இன்ஜின் முடிந்தது.

அப்படியே போயிருந்தால் ஒரு மணிக்குள் ஓடைப்பட்டி. திரும்பினேன்.

பட்டறைச் சுவரில் ஒரு கம்பியில் தெர்மோஸ்டாட்டுகள் வரிசையாகக் கோத்துத் தொங்கின, கருவாடு காயப் போட்டது போல. வந்தபோது அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். என்னுடையது கடைசியில், இன்னும் ஈரத்தோடு இருந்தது.

“ஓடைப்பட்டிக்கா போறீக? குமுளி ஏறுறீகன்னுல்ல நெனச்சேன்,” என்றார் முருகேசன். “ஏறாட்டியும் என்ன சார்? அது இல்லாமலே ஓடும்.”

“எத்தனை நாளைக்கு? இது இன்னும் பத்து வருஷம் ஓடணும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பத்து வருசமா? நீங்க இருப்பீகளா?”

“வண்டி இருக்கும்.”

“சரிதான். வண்டிக்குத்தான் வயசாகல,” என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார்.

கழற்றியதை அப்படியே மாட்டக்கூடாது, சோதிக்க வேண்டும். எதிர்க்கடையின் வெந்நீர்ப் பாத்திரத்தில் நூல் கட்டி இறக்கினேன். டீக்கடைக்காரர் இதற்கும் ஒரு டீக்குக் காசு வாங்கினார். சூடு ஏற ஏறக் கதவு நிதானமாகத் திறந்தது, எடுத்ததும் மூடியது. ஐம்பது வருடத்துக்கும் மேல் பழைய வண்டியில் ஒழுங்காக வேலை பார்க்கிற ஒரே ஊழியன். பேக்கிங் காகிதத்தைப் புதிதாக வெட்டி, மாட்டி, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி முடித்தபோது இரண்டு மணி. இதற்கிடையில் சரவணன் மூன்று முறை அழைத்தார். கடைசி முறை குரலில் ஆர்வம் குறைந்திருந்தது.

இந்த முறை வீரபாண்டிக்கு முன்பே முள் எழுந்து நடுவில் நின்றது. உப்பார்பட்டி, சின்னமனூர் எல்லாம் கடந்தும் அசையவில்லை. சின்னமனூரிலிருந்து பிரியும் சாலையில் இருபுறமும் கல்தூண்களும் கம்பிப் பந்தலும், பந்தலுக்கு அடியில் திராட்சைக் கொத்துகளும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். இன்ஜினின் சத்தம் மிக நன்றாக இருந்தது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஏதுமில்லை.

மூன்றேகாலுக்குத் தோட்டத்தை அடைந்தேன். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை, புதிது. அதன்மேல் நான்கு குட்டைத் தூண்கள். தூண்களின் இடைவெளியைப் பார்த்ததும் அளவு புரிந்துவிட்டது. சக்கரத்துக்குச் சக்கரம் சரியாக இருந்தது.

“கிரேன்காரரு போயிட்டாரு சார். ரெண்டு மணி வரைக்கும்தான் நிப்பேன்னாரு. காலையில வரச் சொல்லிருக்கேன்,” என்றார் சரவணன்.

ஓட்டுவதாகச் சொன்னதை நினைவூட்டினேன். அவர் மறுக்கவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தாராம். பிறகு பக்கத்துத் தோட்டக்காரர் கேரளாவிலிருந்து ஒரு பழைய படகைக் கொண்டுவந்து மேடையில் ஏற்றிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் படகின் முன் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே அறையும் எடுத்துவிடுகிறார்கள்.

“எங்கப்பாதான் சொன்னாக, படகுக்குப் போட்டியா காரை வையிடான்னு. ஒங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீகன்னு சொல்லல. மேல ஏத்திட்டா யாரும் இடிக்க மாட்டாக, பள்ளம் மேடு கெடையாது. ஒரு கொறையும் வராது சார்.”

பெயர் மாற்றும் படிவத்தில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை. கையெழுத்து இல்லாமல் விற்பனை செல்லாது என்பது எனக்குத் தெரியும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகலாம். எங்கே போவது? என் இடத்தில் அந்நேரம் மகனின் கார் நின்றுகொண்டிருக்கும். அடுக்கக வளாகத்துத் தெருவில் நிறுத்தினால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். அந்த விதியும் என் கைவண்ணம்தான். கையெழுத்திட்டேன்.

பிறகு ஒரு வாளி கேட்டேன். நெடுநாள் நிறுத்தப்போகும் வண்டியில் தண்ணீர் விட்டு வைக்கக்கூடாது, உள்ளே துருப்பிடிக்கும். ரேடியேட்டரின் அடியில் ஒரு குழாய், இன்ஜினின் பக்கவாட்டில் ஒன்று, இரண்டையும் திறந்தேன்.

“இப்பத்தான ஊத்துனீக, எதுக்கு எறக்குறீக?” என்றார் சரவணன்.

“நிற்கிற வண்டிக்கு இதுதான் முறை.”

கொடிக்குப் பாயட்டும், விடுங்கள் என்றார். கூலண்ட் விஷம், கொடி பட்டுப்போகும் என்று சொல்லி வாளியில் பிடித்தேன். ஆவி பறக்க, பச்சையாக, நிதானமாக இறங்கியது.

சின்னமனூர் பேருந்து நிலையத்தில் சரவணன் என்னை இறக்கிவிட்டார், தம் ஜீப்பில். விருந்தாளிகளை அழைத்து வரும் ஜீப் அது. மதுரைப் பேருந்து காலியாக இருந்தது, ஓட்டுநர் கிளம்புமுன் ரேடியேட்டரைத் திறந்து பார்க்கவில்லை.

ஓடைப்பட்டி பார்க்க வேண்டிய ஊர். திராட்சை மலிவு, காற்று நன்றாக இருக்கும். படகு இருக்கும் தோட்டத்துக்கு அடுத்தது சரவணனுடையது. காரின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கட்டணம் இல்லை. பானட்டைத் திறந்து காட்டமாட்டார்கள், தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இருப்பது புது வாட்டர் பம்ப், ஐம்பது கிலோமீட்டர் கூட ஓடாதது. தெர்மோஸ்டாட்டும் இருக்கிறது.